பழைய ஆஃப்-ரோடு வண்டியும் ஐந்து பேர் குடும்பமும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கணவன், மனைவி, பன்னிரண்டு வயது மகள், ஐந்து வயது மகன், முழங்கால் வலியோடு நடமாடும் பாட்டி. இந்த ஐவருக்குமாக ஒரு செகண்ட் ஹேண்ட் ஃபோர் வீல் டிரைவ் வண்டி தேடியபோது கூடவே இருந்து பார்த்ததை இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பார்த்த வண்டிகளின் கம்பெனிப் பெயரையும் சொல்லப்போவதில்லை. அவற்றில் இருந்த குறைகள் பெரும்பாலும் முன்பு வைத்திருந்தவர்கள் செய்துவைத்தவை.

கணவருக்குக் காட்டுப்பாதை, சேறு, ஆற்றோர மணல் என்றால் உயிர். மனைவி போட்ட நிபந்தனை இரண்டே வரி. "தினமும் நானும் ஓட்டணும், அத்தை தானா ஏறி இறங்கணும். அது ரெண்டும் சரின்னா எந்த மலைக்கு வேணும்னாலும் போங்க." இந்த இரண்டு வரிதான் கடைசியில் முடிவைத் தீர்மானித்தது.

எங்கெல்லாம் ஓட்டுவார்கள் என்று முதலில் எழுதச் சொன்னேன். பள்ளிக்கூடம், அலுவலகம், கடை என்று தினமும் சில கிலோமீட்டர்கள். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீண்ட பயணம். வருடத்தில் சில முறை மண் பாதை, வழுக்கும் ஏற்றம், முழங்காலளவு கூட வராத ஓடை. பாறை மேல் ஏறுவது, ஆழத் தண்ணீரில் இறங்குவது எதுவும் பட்டியலில் இல்லை. எழுதி முடித்த தாளைப் பார்த்துக் கணவரே கொஞ்சம் மௌனமானார். அவர் மனதில் இருந்த வண்டி வேறு, தாளில் இருந்த வண்டி வேறு.

முதல் கேள்வி: நான்கு சக்கரமும் எப்படிச் சுற்றுகின்றன?

ஆஃப்-ரோடு வண்டி என்றதும் எல்லாரும் கிரவுண்ட் கிளியரன்ஸைத்தான் (அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலான உயரம்) கேட்கிறார்கள். குடும்ப வண்டிக்கு நான் முதலில் கேட்பது, முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் சென்டர் டிஃபரன்ஷியல் என்ற கியர் அமைப்பு நடுவில் இருக்கிறதா என்பது.

வண்டி வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களை விடப் பெரிய வட்டத்தில் போகின்றன. அதாவது முன் ஆக்ஸில் (சக்கர அச்சு) கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். பார்ட்-டைம் ஃபோர் வீல் டிரைவில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டதும் முன்னும் பின்னும் நேராகப் பூட்டப்படுகின்றன. மண்ணிலும் சேற்றிலும் சக்கரம் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் சறுக்க வழியில்லை. முறுக்கம் முழுவதும் ஷாஃப்ட், கியர், டயர் மேல் ஏறும். ஸ்டீயரிங் இறுகும், லீவர் எடுக்க வராது, தொடர்ந்து அப்படியே ஓட்டினால் முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும். அதனால் இத்தகைய வண்டி ரோட்டில் பின் சக்கர இயக்கத்தில்தான் ஓட வேண்டும்.

இதில் குடும்பத்துக்கு என்ன வந்தது? சிக்கல் மழை பெய்து ஓய்ந்த சாலையில்தான் வரும். ஒரு வளைவு நனைந்திருக்கும், அடுத்தது காய்ந்திருக்கும். எங்கே லீவரைப் போடுவது, எங்கே எடுப்பது என்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுபவர் யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அவர் பின் சக்கர இயக்கத்திலேயே ஓட்டுவார். இரண்டு டன் எடை, உயரமான உடம்பு, பின் சக்கரம் மட்டும் தள்ளுகிறது. எந்த நேரத்தில் நான்கு சக்கரமும் வேண்டுமோ அந்த நேரத்தில் அது அணைந்து கிடக்கும்.

ஃபுல்-டைம் முறையில் நடுவே ஒரு டிஃபரன்ஷியல் அந்த வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறது. எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும். சேறு வந்தால் அந்த நடு டிஃபரன்ஷியலை லாக் செய்துகொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வகை உண்டு. மிட்சுபிஷி பஜேரோவின் சூப்பர் செலக்ட் முறையில் பின் சக்கர இயக்கமும் உண்டு, தார்ச்சாலையிலேயே போடக்கூடிய நான்கு சக்கர இயக்கமும் உண்டு, லாக் செய்த இயக்கமும் உண்டு, அதற்கும் மேல் லோ ரேஞ்சும் (மெதுவாக, கூடுதல் இழுவிசையோடு ஓட்டுவதற்கான தாழ்ந்த கியர்) உண்டு. பெட்ரோல் செலவையும் மழையையும் சேர்த்து யோசித்தவர்கள் செய்த வேலை அது.

லோ ரேஞ்ச் வேண்டுமா என்று மனைவி கேட்டார். வேண்டும் என்றேன். பெரும்பாலான வண்டிகளில் அது கியர் விகிதத்தை ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காக்குகிறது. ஏறுவதற்கு அது உதவும் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. இறங்கும்போதுதான் அதன் முழு அருமை தெரியும். செங்குத்தான வழுக்கும் இறக்கத்தில் முதல் கியரில் விட்டால் எஞ்சினே பிடித்துக்கொண்டு நடை வேகத்தில் இறக்கிவிடும். பிரேக்கை மிதித்துச் சக்கரம் பூட்டிச் சறுக்கும் பயம் குறைகிறது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு அந்தப் பாதையில் இல்லை.

பட்டியலில் இருந்தவை

சுசூகி ஜிம்னியைக் கணவர் ஆசையோடு எழுதியிருந்தார். உடம்புக்கு அடியில் தனிச் சேஸிஸ் சட்டம், முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒன்றாக இணைக்கும் திடமான ஆக்ஸில், குறைந்த எடை என்று காட்டுப்பாதையில் அதன் திறமையில் சந்தேகமே இல்லை. மூன்று கதவு ஜிம்னியில் நான்கு பேர்தான் உட்கார முடியும், இவர்கள் ஐந்து பேர். பேச்சு அங்கேயே முடிந்தது.

ஜீப் ராங்ளரின் நான்கு கதவு வடிவம் 2007 மாதிரி ஆண்டிலிருந்து கிடைக்கிறது. ஐந்து பேர் உட்காரலாம். இரண்டு பக்கமும் திட ஆக்ஸில், பல வண்டிகளில் பார்ட்-டைம் இயக்கம். ரூபிகான் வகையில் லோ ரேஞ்ச் 4:1. பாறையில் ஏறுவோருக்கு அது வரம். பள்ளிக்கூடம் போய் வருவதற்கு அதில் ஒன்றுமில்லை. பிறகு வந்த தலைமுறையை 2018இல் ஐரோப்பாவின் கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பான யூரோ என்கேப் சோதித்தபோது ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கிடைத்தது. அதே ஆண்டு ஜிம்னிக்கு மூன்று. தடித்த பம்பரும் சதுரமான உடம்பும் பார்க்கப் பலமாகத் தெரியும். மோதலில் காப்பாற்றுவது உடற்கூடு எப்படி மடங்குகிறது, பெல்ட் எப்படி இழுக்கிறது, ஏர்பேக் எப்போது விரிகிறது என்பவையே.

லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 (2004இல் வந்தது) குடும்பத்துக்கு என்று பார்த்தால் எல்லாவற்றையும் விட அருமையான வண்டி. மூன்றாம் வரிசையிலும் பெரியவர்கள் உட்காரலாம், காற்றுப் பைகளால் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன் வண்டியைத் தாழ்த்திக் கொடுப்பதால் பாட்டி சிரமமின்றி ஏறலாம். ஆனால் இத்தனை வயதான ஏர் சஸ்பென்ஷனையும், மின்னணுப் பெட்டிகளையும், பெல்ட் மாற்றும் வேலை பெரிதாக இருக்கும் 2.7 லிட்டர் டீசல் எஞ்சினையும் பராமரிக்க அந்த வண்டியை நன்றாகத் தெரிந்த மெக்கானிக் பக்கத்திலேயே வேண்டும். இவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. மெக்கானிக் கிடைக்காத ஊரில் நல்ல வண்டியும் நின்ற வண்டிதான்.

மிச்சமிருந்தவை டொயோட்டா லேண்ட் குரூஸர் பிராடோ 120 வரிசை (2002–2009), மூன்றாம், நான்காம் தலைமுறை பஜேரோ (1999, 2006இல் வந்தவை), 2005இல் வந்த சுசூகி கிராண்ட் விட்டாரா. பிராடோவுக்குத் தனிச் சேஸிஸ், ஃபுல்-டைம் இயக்கம், பின்னால் திட ஆக்ஸில். பஜேரோவில் சேஸிஸ் உடம்போடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது, நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். நெடுஞ்சாலையில் அதன் நிதானம் வேறு மாதிரி. கிராண்ட் விட்டாராவும் அதே யோசனையின் சிறிய வடிவம், பல சந்தைகளில் ஃபுல்-டைம் இயக்கமும் லோ ரேஞ்சும் சேர்ந்தே வந்தது. மூன்றில் எது உயர்ந்தது என்று சண்டை போடுபவர்களோடு நான் சேரவில்லை. இருபது வயதை நெருங்கும் வண்டிகளில் மாதிரிக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தை விட, ஒரே மாதிரியின் இரண்டு வண்டிகளுக்கு இடையே உள்ள வித்தியாசம் பெரிது.

முதல் வண்டி: எல்லாம் பூட்டிய வண்டி

முதலில் பார்த்தது பார்க்கவே கம்பீரமாக இருந்தது. இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் வின்ச், கூரையில் ரேக், பின்னால் ஸ்டெப்னி தாங்கும் இரும்புக் கை, இரண்டாவது பேட்டரி, டிக்கியில் இழுப்பறை, அடியில் எஃகுத் தகடு, வண்டியை ஐந்து சென்டிமீட்டர் தூக்கி வைத்த லிஃப்ட், பெரிய டயர். "இதையெல்லாம் தனியா வாங்கினா எவ்வளவு ஆகும் தெரியுமா சார்?" என்று விற்பவர் ஒவ்வொன்றாகக் காட்டினார். கணவர் கண்ணில் வெளிச்சம். எனக்கு அந்தப் பட்டியல் முழுவதும் கழித்தல் கணக்காகவே பட்டது.

ஒவ்வொரு வண்டிக்கும் மொத்த எடை வரம்பு ஒன்று உண்டு. கதவுத் தூணில் ஒட்டிய தகட்டிலோ பதிவுப் புத்தகத்திலோ இருக்கும். அதிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருவது, அந்த வண்டி சுமக்கக்கூடியது. வரம்பு 2,850 கிலோ, வெற்று எடை 2,250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 600 கிலோ. பெரிய எண்ணாகத் தெரிகிறது அல்லவா? இப்போது கழிக்கலாம். முன் பம்பர் 70, வின்ச் 40, ரேக் 35, பின் பம்பரும் ஸ்டெப்னிக் கையும் 80, பேட்டரி 25, இழுப்பறை 50, தகடுகள் 40. கூட்டினால் 340 கிலோ. இவை தோராயமான எடைகள், பொருளுக்குப் பொருள் மாறும். மிஞ்சுவது 260. குடும்பத்தை ஏற்றுங்கள்: 78, 62, 40, 18, 60. மொத்தம் 258. பையனின் சீட் ஒரு எட்டு கிலோ. தண்ணீர்க் கேன் வைப்பதற்கு முன்பே வரம்பைத் தாண்டி ஆறு கிலோ.

வெற்று எடை என்று ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஐரோப்பிய விதிப்படி அதற்குள் 75 கிலோ ஓட்டுநரும் 90 விழுக்காடு எரிபொருளும் அடங்கும். வேறு சில கணக்குகளில் ஓட்டுநர் கிடையாது. எடைமேடை ஒன்றில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டால் இந்தக் குழப்பமே இருக்காது. வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, செய்ய வேண்டும்.

வரம்பு தாண்டினால் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும், பின் ஸ்பிரிங் அமுங்கும், டயர் சூடாகும். விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேட்கப்போகும் முதல் கேள்விகளில் ஒன்றாகவும் இது இருக்கும். லிஃப்ட்டுக்கும் பெரிய டயருக்கும் அனுமதி வாங்கிய காகிதம் இருக்கிறதா என்று விற்பவரைக் கேட்டேன். பதில் சரியாக வரவில்லை. மாற்றங்களைப் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. காகிதம் இல்லாத மாற்றம் எந்த நாட்டிலும் வாங்குபவர் தலையில்தான் விழும்.

உயரத்தைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, வண்டி உருளும் அபாயத்தை அளக்க எளிய விகிதம் ஒன்றைப் பயன்படுத்துகிறது: இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, புவியீர்ப்பு மையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். எண் குறையக் குறைய உருளும் அபாயம் கூடும். சாதாரணக் கார்களுக்கு இது 1.3க்கு மேல் வரும். உயரமான வண்டிகளுக்கு 1.0க்கும் 1.3க்கும் நடுவே. அகலம் 1.55 மீட்டர், மையம் 0.70 மீட்டர் உயரத்தில் என்றால் 1.11. லிஃப்ட்டும் டயரும் சேர்ந்து மையத்தை ஆறு சென்டிமீட்டர் தூக்கினால் 1.02. கூரை ரேக்கில் சாமான் ஏற்றினால் இன்னும் கீழே. குழந்தை குறுக்கே ஓடியது என்று நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்கும் நொடியில் இந்தத் தசமப் புள்ளிகளுக்கு அர்த்தம் வரும்.

டயரும் அப்படியே. 265/65 ஆர்17 இருந்த இடத்தில் 285/70 ஆர்17 போட்டிருந்தார்கள். விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 831க்குப் போகிறது, ஏழு விழுக்காடு கூடுதல். ஸ்பீடோமீட்டர் அதே எண்ணைக் காட்டும்போது வண்டி முன்பை விட அத்தனை விழுக்காடு வேகமாகப் போகும். பிரேக்குக்கு வேலை கூடும், கியர் நீளும், மைலேஜ் இறங்கும். இத்தனைக்கும் ஆக்ஸிலுக்கு அடியில் கிடைத்த கூடுதல் உயரம் மூன்று சென்டிமீட்டர் கூட இல்லை.

டெஸ்ட் டிரைவில் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் தரையிலிருந்து அதிர்வு வந்தது. வண்டியைத் தூக்கியதால், ஆக்ஸிலுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறிவிட்டதன் விளைவாக இருக்கலாம். மனைவி ஒரு வார்த்தையும் பேசாமல் பின் கதவைத் திறந்து, "அத்தை, ஏறிப் பாருங்க" என்றார். பாட்டி படியையும் கைப்பிடியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நான் வீட்டிலேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் கணக்கு எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்து வந்தவை

ஒரு வண்டியைச் சில நிமிடங்களிலேயே விட்டோம். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுத்தபோது, கடைசியில் இருந்த பகுதியில் காய்ந்த சேற்றுக் கோடு. உள்ளே துவைக்கிறவர்கள் அதுவரை இழுத்துத் துவைப்பதில்லை. கம்பளத்துக்கு அடியில் ஈரவாடை, சீட் தண்டவாளத்தில் துரு. தண்ணீரில் மூழ்கிய வண்டி.

அதற்கடுத்தது எதிர்பாராத சிக்கலைக் கொடுத்தது. ஒரே கை ஓட்டிய வண்டி, குறைந்த கிலோமீட்டர், காட்டுப்பாதை பக்கமே போகாதது, கீறல் கிடையாது. இதைவிட என்ன வேண்டும் என்று எல்லாருக்கும் தோன்றும். லீவரை நான்கு சக்கரத்துக்குத் தள்ளினால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. முன் ஆக்ஸில் இணையவில்லை. அதை இணைக்கும் ஆக்சுவேட்டர் என்ற பாகம் வருடக்கணக்கில் தொடாவிட்டால் இறுகிப்போகும். டயரில் பட்டை ஆழமாக இருந்தாலும் பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்க எண் அது ஒன்பது வயது டயர் என்றது. அந்த எண்ணில் முதல் இரண்டும் வாரம், கடைசி இரண்டும் ஆண்டு. இவ்வளவும் சரிசெய்யக்கூடியவைதான்.

விட்டதற்குக் காரணம் எஞ்சின். டீசல், புகைத்தூளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உள்ளது. சேர்ந்த தூளை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அந்த வடிகட்டி ஏறத்தாழ 600 டிகிரி வரை சூடாக வேண்டும்; அதற்கு நீண்ட, சீரான ஓட்டம் வேண்டும். சில கிலோமீட்டர் ஓடி நின்று, மறுபடி சில கிலோமீட்டர் ஓடும் வண்டியில் சுத்தம் செய்யும் வேலை பாதியிலேயே அறுந்துவிடும். தூள் அடைத்துக்கொள்ளும். எரிக்கவென்று கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் எஞ்சின் ஆயிலில் கலக்கும், டிப்-ஸ்டிக்கில் ஆயில் மட்டம் கூடும். ஆயில் குறையவில்லை, கூடியிருக்கிறது என்று மகிழக்கூடாத இடம் இது. அந்த வண்டியில் எச்சரிக்கை விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. இந்தக் குடும்பத்தின் தினசரி ஓட்டமும் அதே சின்னச் சின்ன ஓட்டம்தான். டிபிஎஃப் உள்ள டீசல் அவர்களுக்குச் சரிவராது என்பதை இந்த வண்டிதான் கற்றுக்கொடுத்தது. பட்டியலில் பெட்ரோல் வண்டிகள் மேலே வந்தன. எரிபொருள் அதிகம் குடிக்கும், தெரிந்தேதான் ஒப்புக்கொண்டார்கள்.

வாங்கிய வண்டி

கடைசியில் கிடைத்தது எந்த மாற்றமும் செய்யாத பெட்ரோல் வண்டி. ஃபுல்-டைம் இயக்கம், சென்டர் டிஃபரன்ஷியல் லாக், லோ ரேஞ்ச், குழந்தை சீட்டைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள், பக்கத் திரை ஏர்பேக், ஈஎஸ்சி எனப்படும் மின்னணு நிலைப்பாட்டுக் கட்டுப்பாடு. ஓடியிருந்த தூரம் மற்ற எல்லாவற்றையும் விட அதிகம். சர்வீஸ் பில்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன.

வண்டி சறுக்கத் தொடங்கினால் சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கும் ஈஎஸ்சியைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பருக்குப் பிறகு விற்ற எல்லாப் புதுக் கார்களிலும் அது கட்டாயம். அமெரிக்காவில் 2012 மாதிரி ஆண்டிலிருந்து. அதற்கு முந்தைய வண்டிகளில் ஒரே மாதிரியிலேயே சிலவற்றில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. உயரமான வண்டியில் இது இல்லாவிட்டால் வேறு எது இருந்தும் நான் குடும்பத்துக்குச் சொல்லமாட்டேன். சாவியைத் திருப்பியதும் அதன் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ விளக்கை மறைத்திருக்கலாம்.

எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். குளிர்ந்த எஞ்சின் கிளம்பும் முதல் சில நொடிகள்தான் உண்மை பேசும்: செயின் சத்தம், நீலப் புகை, தடுமாற்றம். இதில் எதுவும் இல்லை. ஆட்டோமேட்டிக் கியரின் ஆயில் சிவப்பாக, கருகிய வாடை இல்லாமல் இருந்தது.

பிறகு அடிப்பகுதி. நான் அதிக நேரம் செலவிட்டது இங்கேதான். அடித்தகட்டில் கீறல்கள் இருந்தன, அதற்காகத்தானே தகடு. சேஸிஸ் சட்டத்தில் நசுங்கல், வெல்டிங் தழும்பு, புதிதாகப் பூசிய கறுப்புப் பெயிண்ட் எதுவும் இல்லை. பழைய வண்டியின் அடியில் மட்டும் புதுப் பெயிண்ட் பளபளத்தால், எதை மூடியிருக்கிறார்கள் என்று தட்டித்தான் பார்க்க வேண்டும். பின் சக்கரத்துக்கு மேலே சட்டம் வளைந்து போகும் இடத்தில் சேறு தங்கித் துரு உள்ளிருந்து தின்னும். கடலோரத்தில் ஓடிய வண்டிகளில் இன்னும் மோசம். சிறிய சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு பொத்தென்று ஒலிக்கும்.

டிஃபரன்ஷியல்களின் ஆயிலைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்தோம். முன்னது சுத்தம். பின்னதில் ஆயில் பால் கலந்தது போல் வெளுத்திருந்தது. தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ தாழ்வாக இருந்தாலோ அந்தச் சுருக்கம் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். விற்றவரிடம் கேட்டதும், ஓடை ஒன்றைக் கடந்ததை மறைக்காமல் சொன்னார். ஆயிலை வடிக்கும் திருகின் காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசைதான் இருந்தது, இரும்புச் சில்லு இல்லை. ஓட்டிப் பார்த்ததில் ஊளைச் சத்தமும் இல்லை. பேரிங் இன்னும் கெடவில்லை என்று முடிவுக்கு வந்தோம். ஆயில், சீல், பிரீதர் குழாய் மூன்றுக்கும் ஆகும் செலவை விலையில் குறைத்துப் பேசினார்கள்.

மண் தரையில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமடித்தோம். சென்டர் லாக் இல்லாதபோது வண்டி இலகுவாகத் திரும்பியது. லாக் போட்டதும் ஸ்டீயரிங் கனத்தது, வட்டம் பெரிதானது. அந்தக் கனம்தான் லாக் வேலை செய்கிறது என்பதற்குச் சாட்சி; விளக்கு எரிவதை மட்டும் நம்பக்கூடாது. முன் சக்கரப் பக்கம் 'டக் டக்' சத்தம் வந்தால், திரும்பும் சக்கரத்துக்குச் சக்தி கொடுக்கும் சிவி ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், வரவில்லை. நான்கு டயரும் ஒரே அளவில், ஒரே அளவு தேய்ந்திருந்ததையும் பார்த்துக்கொண்டோம். ஃபுல்-டைம் வண்டியில் ஒரு ஜோடி புதிது, ஒரு ஜோடி பழையது என்று ஓட்டினால் சென்டர் டிஃபரன்ஷியல் நேர் ரோட்டிலும் ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும்.

சேஸிஸ் எண்ணை வைத்து ரீகால் (குறையைச் சரிசெய்யக் கம்பெனி வண்டியைத் திரும்ப அழைப்பது) எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று பார்த்தது மனைவி. 2000களின் வண்டிகளில் இது விளையாட்டல்ல. டகாட்டா நிறுவனத்தின், ஏர்பேக்கை ஊதி விரிக்கும் இன்ஃப்ளேட்டர்கள் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நாளாக நாளாகச் சிதைந்து, விரியும்போது உலோகத் துண்டுகளை வீசியதால் உலகம் முழுக்கப் பல கோடி வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. எண்ணை அடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். இந்த வண்டியில் மாற்றியிருந்தார்கள், பில்லும் கோப்பில் இருந்தது.

பிறகு மகனின் சீட்டைப் பொருத்தினார்கள். ஐசோஃபிக்ஸ் கொக்கி இருந்தாலும், சீட் பொருத்தியபின் நடுவில் மகள் உட்கார இடம் இருக்கிறதா, அவள் பெல்ட்டின் கொண்டி கைக்கு எட்டுகிறதா என்பது பொருத்திப் பார்த்தால்தான் தெரியும். பாட்டி ஏறினார். முதல் தடவை சற்றுத் தயங்கினார், இரண்டாம் தடவை தானாகவே ஏறினார். பக்கவாட்டுப் படி மட்டும் கேட்டார்.

வாங்கிய பிறகு

பில்லில் என்ன எழுதியிருந்தாலும் சரி என்று எல்லா ஆயிலையும் திரவங்களையும் மாற்றினார்கள்: எஞ்சின், கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ், இரண்டு டிஃபரன்ஷியல், பிரேக், கூலண்ட். பின் ஆக்ஸில் பிரீதரை எஞ்சின் அறை வரை உயர்த்திக் கட்டினார்கள். டயர் தேய்ந்து மாற்றும் முறை வந்தபோது கம்பெனி கொடுத்த அதே அளவில், மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஆல்-டெரெய்ன் வகை போட்டார்கள். சாலையில் சற்று இரைச்சல், ஈரத்தில் பிரேக் தூரம் சாலை டயர் அளவுக்கு இல்லை என்பதைத் தெரிந்துகொண்டே. கூடவே காற்றழுத்தம் பார்க்கும் கருவி, சிறிய கம்ப்ரசர், இழுவைப் பட்டை, மண்வெட்டி. மணலில் காற்றை இறக்கினால் டயர் நீளவாக்கில் படர்ந்து பிடி கூடுகிறது. எந்த லிஃப்ட்டும் மணலில் அவ்வளவு உதவி செய்யாது. தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும், அதற்குத்தான் கம்ப்ரசர்.

மூன்றாம் வரிசை இருக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டார்கள். ஐந்து பேருக்கு அது தேவைப்படவில்லை, சுமக்கும் கணக்கிலும் டிக்கியிலும் இடம் கிடைத்தது. ஏழு பேர் ஏறும் குடும்பமாக இருந்திருந்தால் அந்த வரிசையை நான் வேறு கண்ணால் பார்த்திருப்பேன். பழைய வண்டிகள் சிலவற்றில் அங்கே பக்கவாட்டில் பார்த்து உட்காரும் மடக்கு இருக்கைகள் உண்டு. முன்மோதலில் உடம்பைச் சரியாகத் தாங்காத அந்த இருக்கையில் குழந்தையை உட்கார வைக்கவே கூடாது.

குறைகள் இல்லாமல் இல்லை. பின் கதவு பக்கவாட்டில் திறப்பதால், ஸ்டெப்னியின் கனத்தோடு சரிவில் அது தானாக வீசிச் சாத்தும். மகளுக்கு அதைத் தொடக்கூடாது என்று கட்டளை. நெருக்கமான பார்க்கிங்கில் பின்னால் இடம் விட்டுத்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது. எரிபொருள் செலவு வீட்டில் ஏற்கெனவே இருக்கும் சிறிய ஹேட்ச்பேக் காரோடு ஒப்பிடவே முடியாது, அதனால் அந்த ஹேட்ச்பேக்கை விற்காமல் வைத்துக்கொள்ளலாமா என்று இப்போது வீட்டில் பேச்சு நடக்கிறது. கணவருக்கு வின்ச் ஆசை இன்னும் போகவில்லை. எடைமேடைச் சீட்டை எடுத்து அவர் கையில் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் ஏறி, பயணச் சாமானும் ஏற்றியபின் வரம்புக்கு எத்தனை கிலோ மிச்சம் என்பது அதில் இருக்கிறது. வின்ச், அதைத் தாங்கும் பம்பர் இரண்டின் எடையையும் அவரே கழித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.